எட்டுப் பவுண் போத்தலுக்குள் என்ன இருக்கிறது?

(எமது வானொலியின் மாதாந்த உரை நிகழ்ச்சியில் ஒலிபரப்பானதன் எழுத்து வடிவம்)



வழமையாக இந்த நேரத்தில் வருமானவரிப் படிவம், ஓய்வூதியம், வீட்டுக்கடன் வட்டி என்று சொல்லி உங்களைக் களைக்க வைப்பவன் நான். இன்றைக்கு எடுத்துக்கொண்ட விடயம் வேறு. தெற்கு இத்தாலியின் சிவப்பு வைன். அதுவும் விலை கூடியது அல்ல. நாங்கள் சனிக்கிழமை மரக்கறி வாங்கப் போகிற அதே சுப்பர்மார்க்கெற்றில் கிடைக்கிற, எங்கள் கைக்கு எட்டுகிற போத்தல்.

ஏன் இந்த விடயம் என்று கேட்பீர்கள். நேயர் ஒருவர் தொலைபேசியில் அழைத்திருந்தார். அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தவர்கள் வெள்ளைக்காரக் குடும்பம். வரும்போது ஒரு போத்தலைக் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறார்கள். "தம்பி, அதைத் திறந்தவுடன எல்லாரும் என்ர முகத்தைப் பார்க்கினம், நான் என்ன சொல்லுறது? நல்லாயிருக்கு எண்டு சொன்னன். ஏன் நல்லாயிருக்கு எண்டு மாப்பிள்ளையின்ர தகப்பன் கேட்டால் எனக்கு மறுமொழி இல்லை" என்றார். போத்தலில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். எழுத்தெழுத்தாக வாசித்தார். பிரிமித்தீவோ தி மந்தூரியா.

இந்த அறிவிப்பை நாங்கள் முன்கூட்டியே ஒலிபரப்பியபோது இன்னொரு அழைப்பும் வந்தது. வயதில் மூத்த ஒரு அக்கா. "தம்பி, என்ர மனுசன் குடிச்சே முடிஞ்சவர். எங்கட வானொலியில நீங்கள் குடிக்கச் சொல்லிக் குடுக்கப் போறியளோ?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் சமூகத்தில் குடியால் இருண்ட வீடுகள் எத்தனை என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கொண்டாட்ட மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்தில், காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்து, விஸ்கியைச் சோடாவோடு அவசர அவசரமாக விழுங்கிவிட்டு உள்ளே வந்து தாலி கட்டுவதைப் பார்க்கிற பழக்கம் எங்களுடையது. ருசிக்காக அல்ல, ஏறுவதற்காகக் குடிப்பது. ருசி பார்க்கப் பழகினால் குடி குறையும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல நான் வைத்தியன் அல்ல. உங்கள் வீட்டில் அந்த வருத்தம் இருந்தால், அல்லது நீங்கள் குடிக்காதவர் என்றால், இந்த அரை மணித்தியாலம் வானொலியைத் தணித்துவிடுங்கள். குடிக்காமல் இருப்பதற்கு யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனால் மேசைக்கு ஒரு போத்தல் வந்துவிட்ட வீட்டில், அது என்னவென்று தெரிந்து ஒரு கிளாசோடு நிறுத்துவது கௌரவமான காரியம் என்பது என் எண்ணம்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வழக்கு முடிவு வரும்வரை, லண்டனில் ஒரு இத்தாலிய உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து வணிகமாணிப் பட்டத்துக்கு அப்போது கிடைத்த மதிப்பு அவ்வளவுதான். எங்களில் பலருக்கு இத்தாலிய உணவு அறிமுகமானது அந்தக் கழுவுதொட்டிப் பக்கமாகத்தான். அங்கே தலைமைச் சமையற்காரர் பூலியா மாநிலத்தவர். இத்தாலியை ஒரு சப்பாத்து என்று வைத்தால் அதன் குதிதான் பூலியா. அவர்தான் மிஞ்சின வைனை ஒரு தேக்கரண்டியளவு தந்து, விழுங்காதே, முதலில் மணந்து பார் என்று சொல்லிக் கொடுத்தவர். அவர் பேர் சொல்லும்போது கவனித்தேன், இத்தாலியர்களின் 'த' எங்கள் 'த' தான். ஆங்கிலேயர்களைவிட எங்களுக்கு அந்தப் பேர்கள் இலகுவாக வரும். கடையில் கூச்சப்படாமல் உச்சரியுங்கள்.

2017 இல் நானும் மனைவியும் மலிவு விமானம் ஒன்றில் பிரிந்திசிக்குப் போய் அந்தப் பகுதியைப் பார்த்தோம். அந்தக் குதிப் பகுதியைச் சலெந்தோ என்பார்கள். இரண்டு பக்கமும் கடல். நிலம் தட்டை. ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் செம்மண். மழைத்தண்ணீர் கல்லுக்குள் இறங்கி நிலத்தடியில் நிற்கும். வாகனத்திலிருந்து இறங்கிய மனைவி மண்ணைப் பார்த்துவிட்டு, "இது உரும்பிராய் எல்லோ" என்றா. அவ சொன்னது சும்மா ஊர் ஞாபகத்தில் அல்ல. யாழ்ப்பாணக் குடாநாடும் அதே மாதிரிச் சுண்ணாம்புக்கல், செம்மண், ஆறில்லாத ஊர். எங்களுக்குப் பனை, அவர்களுக்கு ஒலிவ் மரம். அந்த ஒலிவ் மரங்கள் 2013 இல் கண்டறியப்பட்ட ஒரு பக்ரீரியா நோயால் இலட்சக்கணக்கில் பட்டுப்போய் நிற்கின்றன. பார்க்க மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. திராட்சைக் கொடிகள் தப்பி நிற்கின்றன. (எங்கள் ஊரில் திராட்சையை முந்திரிகை என்போம். தோலகட்டி ஆச்சிரமத்து முந்திரிகை இரசத்தைக் குடித்தவர்கள் இந்த உரையைக் கேட்டுச் சிரிப்பார்கள்.)

அந்த வெய்யிலில் திராட்சை நன்றாகப் பழுத்துச் சீனி ஏறும். சீனி ஏறினால் மதுசாரமும் ஏறும். இந்தக் காரணத்தால் நெடுங்காலம் பூலியாவின் வைனுக்குச் சொந்தப் பேர் இருக்கவில்லை. தாங்கித் தாங்கியாக ரயிலில் வடக்கே போகும். வட இத்தாலியிலும் பிரான்சிலும் வெளிறிப்போன, பலம் குறைந்த வைன்களுக்கு நிறமும் உரமும் ஊட்ட இதைக் கலப்பார்கள். போத்தலின் மேல் இருக்கும் பேர் வடக்கத்தையான் பேர். சமையற்காரர் இதைச் சொல்லும்போது, கோப்பை கழுவிக்கொண்டிருந்த எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பிரிமித்தீவோ திராட்சையின் கதை இன்னும் சுவையானது. மற்றத் திராட்சைகளுக்கு முன் பழுப்பதால் 'முந்தியது' என்ற கருத்தில் வந்த பேர். ஜொயா தெல் கொல்லே என்ற ஊரில் ஒரு பாதிரியார் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதைத் தெரிந்தெடுத்து நட்டார். கலிபோர்ணியாவில் சின்பாண்டெல் என்று ஒரு திராட்சை இருக்கிறது. அமெரிக்கர்கள் அதைத் தங்கள் சொந்தப் பிள்ளையாக நினைத்திருந்தார்கள். 1990 களில் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தில் மரபணுச் சோதனை செய்தபோது இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. 2001 இல் இன்னும் ஒரு படி மேலே போய், குரோசியாக் கரையில் யாரும் கவனியாமல் அழிந்துகொண்டிருந்த ஒரு பழைய கொடிதான் இரண்டுக்கும் மூலம் என்று கண்டுபிடித்தார்கள். கடல் தாண்டிப் போய், போன போன இடத்தில் வேறு வேறு பேரில் பதிந்துகொண்ட ஒரு குடும்பம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கையில் காகிதமும் பேனையும் எடுங்கள்.

ஐக்கிய இராச்சியத்தில் 2023 ஓகஸ்ட்டிலிருந்து வைன் வரி மதுசாரத்தின் அளவைப் பொறுத்தது. 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி வைனுக்குக் கொடுத்திருந்த தற்காலிகச் சலுகையும் நின்றுபோனது. அந்தத் திகதியின் கணக்குப்படி, 14.5 வீத மதுசாரம் உள்ள 75 சென்ரிலீற்றர் போத்தலுக்கு மதுவரி மட்டும் 3 பவுண் 21 பென்ஸ். 12.5 வீதப் போத்தலுக்கு 2 பவுண் 77. அதற்கு மேல் 20 வீதம் வற் வரி. வற் வரி மதுவரிக்கும் சேர்த்துத்தான் விழும், வரிக்கு வரி.

அந்தக் கணக்கில் 14.5 வீதத்தில், 8 பவுணுக்கு ஒரு பிரிமித்தீவோ வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். வற் 1 பவுண் 33. மதுவரி 3.21. மிச்சம் 3 பவுண் 46. இந்த 3.46 க்குள்தான் கண்ணாடிப் போத்தல், தக்கை, லேபல், லொறிச் செலவு, இறக்குமதியாளர் இலாபம், கடைக்காரன் இலாபம் எல்லாம் அடங்க வேண்டும். கடைசியாக மிஞ்சுகிற சில்லறைதான் உள்ளே இருக்கிற வைனின் பெறுமதி. அதையே 6 பவுண் போத்தலுக்குப் பாருங்கள்: வற் 1 பவுண், மதுவரி அதே 3.21, மிச்சம் 1.79. பன்னிரண்டு பவுண் போத்தலுக்கு: வற் 2, மதுவரி 3.21, மிச்சம் 6.79. விலை இரண்டு மடங்கு, ஆனால் வரி போக மிச்சம் ஏறக்குறைய நாலு மடங்கு. வரி அசையாமல் நிற்பதால், 6 பவுணுக்கு மேல் நீங்கள் போடுகிற ஒவ்வொரு பவுணிலும் 83 பென்ஸ் வரிக்கு அப்பால் போகிறது. மாதம் இரண்டு மலிவுப் போத்தல் வாங்குகிறவர் ஒன்றை மட்டும் வாங்கி, அந்தக் காசைப் போட்டால் லாபம் அவருக்கு. பாதி மதுவரி மிச்சம், பாதி மதுசாரமும் மிச்சம்.

மலிவின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பூலியாவின் அந்திரியாப் பகுதியில் 2015 யூலையில், சாப்பாட்டுத் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த 49 வயதுத் தாய் ஒருவர் விழுந்து இறந்தார். தரகன் பிடித்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய், அற்பக் கூலிக்கு வேலை வாங்குகிற முறை அது. இத்தாலியர் மட்டுமல்ல, ஆபிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த அகதிகளும் அந்தத் தரகர்களின் கையில்தான். 2016 இல் இத்தாலி 199 ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்து, தரகனையும் தோட்டக்காரனையும் சேர்த்துத் தண்டிக்க வழி செய்தது. சட்டம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஐந்து பவுணுக்கு ஒரு போத்தல் அங்கிருந்து இங்கே எப்படி வந்து சேர்கிறது என்று கணக்குப் போட்டால் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

போத்தலின் பின்பக்கத்தை வாசியுங்கள். ஒரு கம்பனியின் கணக்கறிக்கையில் முன்பக்கப் படத்தை நான் பார்ப்பதில்லை, பின்னால் சின்ன எழுத்தில் உள்ள குறிப்புகளைத்தான் பார்ப்பேன். இங்கும் அப்படித்தான். 'பிரிமித்தீவோ, பூலியா' என்று மட்டும் இருந்தால் மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் வந்த திராட்சையாக இருக்கலாம். 'மந்தூரியா' அல்லது 'சலீச்சே சலெந்தீனோ' என்று ஊர்ப்பேர் இருந்து, டி.ஓ.சி. என்ற மூன்றெழுத்தும் இருந்தால், எந்த ஊர், எந்தத் திராட்சை, குறைந்தபட்ச மதுசாரம் எவ்வளவு என்று சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. மந்தூரியாவுக்கு அது 13.5 வீதம். சலீச்சே சலெந்தீனோவுக்கு 1976 இல் இந்த அந்தஸ்து கிடைத்தது. 'றிசேர்வா' என்று இருந்தால் குறைந்தது இரண்டு வருடம் வைத்து எடுத்தது. போத்தலின் பாரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பூலியாக்காரருக்குத் தடித்த கண்ணாடிப் போத்தலில் ஒரு ஆசை. கையில் எடுத்தால் பெருமதிப்பாகத் தெரியும். நீங்கள் காசு கொடுப்பது கண்ணாடிக்கு.

ருசி பார்க்கிற முறை கடினமானது அல்ல. சூடாக்கி போட்ட எங்கள் வீடுகள் 22 பாகை இருக்கும். சிவப்பு வைனுக்கு அது கூட. 16, 17 பாகை நல்லது. திறப்பதற்கு முன் இருபது நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கிளாசில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். மணத்துக்கு இடம் வேண்டும். ஒரு தரம் சுழற்றி மூக்கை உள்ளே விட்டு மணந்து பாருங்கள். பிறகு ஒரு வாய், நாக்கு முழுக்கப் பரவும்படி.

புத்தகங்களில் பிளக்பெரி, வயலற் பூ என்று எழுதியிருப்பார்கள். அவற்றை நாங்கள் சின்ன வயதில் மணக்கவில்லை. எங்கள் மூக்கில் இருப்பதைக் கொண்டு பேசுங்கள். நாவற்பழம், முந்திரிகை வத்தல், பழப்புளி, கறுவா, சுருட்டு. துவர்ப்பு என்ற சொல் எங்கள் ஆறு சுவைகளில் ஒன்று. ஆங்கிலேயர்கள் அதைச் சுவைக் கணக்கில் சேர்க்காமல், விளங்கப்படுத்தப் பக்கக்கணக்கில் எழுதுகிறார்கள். சாயத் தேத்தண்ணி, பாக்கு, வாழைப்பூ என்றால் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கே விளங்கும். சிவப்பு வைனை மதிப்பிடுவதில் பாதி அந்தத் துவர்ப்பைப் பற்றியதுதான். அது முரசைப் பிடித்து இழுக்கிறதா, அல்லது மெல்லத் தடவிப் போகிறதா? மற்றப் பாதி புளிப்பு. வாயில் எச்சில் ஊற வைக்கிற புளிப்பு இருந்தால் அடுத்த கவளம் சோற்றுக்கு வாய் தயார். புளிப்பு இல்லாத வைன் உப்பில்லாத கறி மாதிரி. கடைசியாக, விழுங்கிய பிறகு ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் மறைந்தால் சாதாரணம், பத்துக்கு மேல் நின்றால் காசுக்குப் பழுதில்லை.

இந்த உரைக்காக ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூன்று போத்தலை மகன் பேப்பரில் சுற்றி, இலக்கம் போட்டுக் கொண்டுவந்தான். நான், மனைவி, மகன், பக்கத்துத் தெரு அண்ணை ஒருவர். அவர் ஊரில் தோட்டக்காரர். எங்களுக்கு விலை தெரியாது.

முதலாவதை மணந்தவுடன் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பழப்பாகு மாதிரி மணம், வாயில் இனிப்பு, துவர்ப்பே இல்லை. இரண்டாவது கொஞ்சம் முறைத்துக்கொண்டு நின்றது. உலர்ந்த பழம், சாயத் தேத்தண்ணி, கடைசியில் வாதுமைப் பருப்புத் தோலின் சின்னக் கைப்பு. அண்ணை இரண்டு தரம் மணந்துவிட்டு, "தம்பி, இது எங்கட புகையிலைக் கொட்டில்" என்றார். அப்படியே உண்மை. மூன்றாவது கனமானது. கறுத்த பழம், கறுவா, சொக்கிலேற். மகனுக்கு அதுதான் முதலிடம்.

பிறகு சாப்பாடு வைத்தோம். ஆட்டிறைச்சிப் பிரட்டல், உறைப்புக் குறைத்து, கத்தரிக்காய் பொரித்து வைத்த குழம்பு, பாண். முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு பார்த்தால் முதலாவது போத்தலை யாரும் தொடவில்லை. இனிப்பு இறைச்சியோடு சேராமல் திகட்டிவிட்டது. மூன்றாவது பாதியில் நின்றது. இரண்டாவதில்தான் மட்டம் நன்றாக இறங்கியிருந்தது.

பேப்பரைக் கழற்றினோம். முதலாவது ஆறரைப் பவுண் பூலியா பிரிமித்தீவோ. மூன்றாவது 14 பவுண் மந்தூரியா. இரண்டாவது ஒன்பதரைப் பவுண் சலீச்சே சலெந்தீனோ றிசேர்வா. அது நெக்ரோஅமாரோ என்ற திராட்சை. 'கறுப்பும் கைப்பும்' என்று சிலர் பேருக்கு விளக்கம் சொல்வார்கள். இலத்தீனில் ஒரு கறுப்பு, கிரேக்கத்தில் ஒரு கறுப்பு, இரண்டும் சேர்ந்த பேர் என்பார்கள் வேறு சிலர். சலெந்தோவில் இன்றைக்கும் சில கிராமங்களில் முதியவர்கள் ஒருவகைக் கிரேக்கம் பேசுவதால் இரண்டாவது விளக்கத்தில் எனக்குச் சாய்வு.

முதலாவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலிவுப் பிரிமித்தீவோக்கள் சிலவற்றில் லீற்றருக்குப் பத்துக் கிராமுக்கு மேல் சீனி மிச்சம் வைத்திருப்பார்கள். பயப்படத் தேவையில்லை, ஒரு போத்தலுக்கு இரண்டு தேக்கரண்டி வரும். எங்கள் ஆட்கள் ஒரு கோப்பை தேத்தண்ணிக்கே அதைப் போடுவார்கள். பிரச்சினை ருசியில்தான். இனிப்பு முதல் வாயில் எல்லாக் குறையையும் மூடும். ஆதலால் ஒரு வைனை முதல் வாயில் தீர்ப்பிடாதீர்கள். சாப்பாட்டோடு, இரண்டாவது அரைக் கிளாசில் தீர்ப்பிடுங்கள்.

உறைப்பைப் பற்றியும் கேட்பீர்கள். மதுசாரம் மிளகாய் எரிவைக் கூட்டும். 14.5 வீத வைனோடு எங்கள் நண்டுக்கறியைச் சாப்பிட்டால் வாய் தீப்பிடிக்கும், வைனும் கசக்கும். மீனோடு சிவப்பு வைன் சேர்ந்தால் இரும்பு நக்கின மாதிரி ஒரு ருசி வரும். சம்பந்திகள் வருகிற நாளில் பிரட்டல், றோஸ்ட், பருப்பு, கத்தரிக்காய் என்று வையுங்கள். மீன்குழம்பு நாளைக்குத் தண்ணீர் போதும்.

அளவு. 14.5 வீதப் போத்தல் ஒன்றில் ஏறக்குறைய 11 அலகு மதுசாரம் இருக்கிறது. ஆணோ பெண்ணோ வாரத்துக்கு 14 அலகுக்கு மேல் வேண்டாம் என்று இந்த நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016 இல் சொன்னார்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்றது உலக சுகாதார நிறுவனம், 2023 இல். நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம். இரத்தச் சீனி திடீரென்று இறங்கலாம்.

சரி, அந்த நேயருக்கு மறுமொழி. அண்ணை, மாப்பிள்ளையின் தகப்பன் மறுபடி மந்தூரியா கொண்டுவந்தால் இப்படிச் சொல்லுங்கள்: நல்ல கறுத்த நாவற்பழ மணம், கறுவா, துவர்ப்பு மெதுமை, ஆனால் மதுசாரம் கூட, எனக்கு ஒரு கிளாஸ் போதும். அவர் விளங்கிக்கொள்வார். நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது ஒன்பது, பத்துப் பவுணுக்குள் ஒரு சலீச்சே சலெந்தீனோ றிசேர்வா கொண்டுபோங்கள். அது கிடைக்காவிட்டால் சிசிலித் தீவின் நேரோ தாவோலா. சிசிலியில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். பலெர்மோவில் சைவர்களும் கத்தோலிக்கரும் ஒன்றாக மலையேறி சாந்தா றொசாலியாவுக்கு நேர்த்தி வைப்பதை அந்த ஊரே அறியும். சம்பந்தி வீட்டில் பேச அதுவே ஒரு விடயம்.

போத்தலை முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தக்கையைத் திருப்பிச் செருகி குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் நிற்கும். அடுத்த நாள் எடுத்து ஒரு வாய் பாருங்கள். நெக்ரோஅமாரோ பல தடவை முதல் நாளைவிட நன்றாக இருக்கும். நாலாம் நாள் புளித்தால் ஆட்டிறைச்சிச் சட்டிக்குள் ஊற்றிவிடுங்கள், கறித்தூள் போடுவதற்கு முன்.

அடுத்த மாதம் வழமைபோல வரிப் படிவத்தோடு சந்திக்கிறேன்.